முந்தியில் விட்ட இடம்

எங்கள் பட்டுக்கடையில், கேட்டால் மணமக்களின் பெயர்களை முகூர்த்தப் புடவையின் முந்தியில் நெய்து தருவோம். அதற்காகத்தான் அந்தப் பெண் தன் காதலனோடு வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் பெரிய பை. எல்லோரும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். அவள் மட்டும் பையைக் கழற்றாமல், பஸ் வந்தால் ஓடுகிறவள் போல ஓரத்தில் உட்கார்ந்தாள். மாம்பழ நிறப் புடவை அவளுக்குப் பிடித்துப்போனது. பெயர்களைக் கேட்டேன்.

"எம்பேரு போட்டுடுங்கண்ணா. பக்கத்துல எடம் மட்டும் உடுங்க."

"மாப்பிள்ளை பேரு?"

"பேசிக்கினு இருக்கோம்ணா. முடிவானா எம்பிராய்டரி போட்டுக்குறேன்."

"நாலு வருசமா பேசிக்கினுதான் இருக்கோம்" என்றான் காதலன்.

"சரிம்மா, எவ்ளோ எடம் உடணும்?"

"எம்பேரு மூணெழுத்துதாண்ணா!" என்று அவன் முந்திக்கொண்டான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறெழுத்துக்கு உடுங்கண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியாண்ணா, எங்கப்பா பேரையும் சேக்கச் சொல்றா!"

அவள் மனதில் இருந்தது என்னவென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நழுவிய பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டாள்.