முதுகில் ஐந்து ஊக்கு

குவைத்திலிருந்து பார்சல் வந்திருக்கிறது என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாக்லெட், சோப்பு, தலைவலித் தைலம் எல்லாம் ஆளுக்கொன்றாகப் பங்காகிவிடும். எனக்கென்று ஒரு கவுன் வரும். அது என் உடம்புக்குப் பத்தாது.

நான் யூகேஜி படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் குவைத்துக்குப் போனார்கள். அப்பாவுக்கு வண்டி ஓட்டும் வேலை, அம்மாவுக்கு ஒரு வீட்டில் சமையல். என்னைத் திருவண்ணாமலையில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். முதல் வருஷம் வந்த கவுன் கொஞ்சம் சின்னது. அத்தை போனில், "கச்சிதமா இருக்குது அண்ணி" என்று சொல்லிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. அம்மா அதிலிருந்து ஒரு சைஸ் கூட்டி அடுத்ததை வாங்கினாள். அத்தை அதையும் கச்சிதம் என்றாள். நானோ யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தேன்.

நாலாம் வகுப்பில், கார்த்திகை தீபத்துக்கு ரோஸ் கலர் கவுன் வந்தது. கை அக்குளில் இறுக்கியது. முதுகில் ஜிப் ஏறவே மறுத்தது. என் வகுப்பிலேயே படித்த அத்தை மகள், தேரடி வீதியில் எடுத்த பட்டுப்பாவாடையில் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"உங்கம்மாவுக்கு நீ இன்னும் யூகேஜிதானா?" என்று அவள் சிரித்ததும் எனக்கு அழுகை முட்டியது. அத்தையிடம் போய் நின்றேன்.

"ஆசையா வாங்கி அனுப்பியிருக்காங்க. போன் பேசற வரைக்கும் போட்டுக்கோ" என்று அத்தை துணியை இழுத்து இழுத்து ஐந்து ஊக்கு குத்தினாள். ஊக்குகளுக்கு நடுவே முதுகு பிதுங்கியது.

மாலையில் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். அம்மாவுக்கு வீடியோவில் மலைமேல் ஏற்றும் தீபத்தையும் காட்ட வேண்டும், கவுனையும் காட்ட வேண்டும். ஊர் கொள்ளாத கூட்டத்தில் டவர் கிடைத்ததே பெரிது. அத்தை என் காதருகில், "முன்னாடி மட்டும் காட்டு. திரும்பினே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

அம்மா திரையில் வந்தாள். "கரெக்டா இருக்குதா பாப்பா? கை பிடிக்கலையே?"

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது அண்ணி" என்று அத்தை முந்திக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். இந்தப் பொய்யை இன்னும் எத்தனை வருஷம்தான் மாட்டிக்கொண்டு நிற்பது? சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஓர் ஊக்கும் தெறித்து விழுந்தது.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்; அம்மாவின் முகம் திரைக்குக் கிட்டே வந்திருந்தது. மலையில் தீபம் தெரிந்து, ஊரே அரோகரா என்றது. நான் மறுபடி போனைப் பார்த்தபோது அம்மா இல்லை. "டவர் போச்சு" என்றாள் அத்தை. தோலை உரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் போன் போட்டால் டவர் என்னதான் செய்யும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார். அத்தை நூல்கண்டோடு வந்து என்னைச் சுவரோரம் நிற்கவைத்தாள். அம்மா என் அளவைக் கேட்டிருந்தாளாம். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நூலைப் பிடித்து அறுத்தாள்.

"சைஸ் என்னான்னு போன்ல சொன்னா ஆகாதா? கவுனுக்கு எதுக்கு அத்தே தலையெல்லாம் அளக்கற?"

"உங்கம்மா அப்படித்தான் கேட்டாங்க. ஆடாம நில்லு."

நூலைச் சுருட்டி, ஊறுகாய்ப் பொட்டலத்தோடு வைத்துக் கொடுத்தனுப்பினாள். என் அம்மாவுக்கு ஒரு கவுனுக்கு அளவு கேட்கக்கூடத் தெரியவில்லையே என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லி அலுத்துக்கொண்டேன்.