யூசுப் பாய் கடைசியாகப் படுத்த வீடு

மல்லிகாவிடமிருந்து போன் வந்தபோது நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பாய் தவறிட்டாங்க. டீ கொண்டுபோய் எழுப்பினேன், எந்திரிக்கல." பேருந்து நிலையத்துக்குப் பின்னால் யூசுப் பாயும் நானும் ஏழு வருடங்களாகச் சேர்ந்து நடத்திய வீடற்றோர் தங்குமிடத்தில் மல்லிகாதான் சமையல். காலையில் முதலில் வந்து கதவு திறப்பவர் பாய். வந்த இடத்தில் சாய்ந்துவிட்டார் என்று எண்ணி, அவருடைய தங்கை வீட்டுக்குச் சொல்ல ஓடினேன்.

அந்தத் தெருவுக்கு எத்தனையோ மாலைகளில் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். முனையிலேயே இறங்கிக்கொண்டு, "நீங்க திரும்பிக்குங்கம்மா, நான் நடந்துக்கிறேன்" என்பார். கதவைத் திறந்த பெண்ணை எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் பாயைத் தெரியவில்லை. "அவங்க வித்துட்டுப் போயி மூணு வருஷமாச்சுங்களே" என்றார்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரியும். தங்க வருகிறவர்களுக்கான எங்கள் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் ஆளைப் பார்த்ததும் நிரப்பிவிடுவேன். பாய் காலியாக விட்டுவிடுவார். வருகிறவரிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எந்த வீட்டுல படுத்தீங்க?" மறுநாள் அந்த வீட்டுக்கே போய்விடுவார்.

மண்டபத்தூரிலிருந்து வந்த மீனவர் ஒருவருக்கு நான் 'குடி' என்று எழுதியிருந்தேன். பாய் ஊருக்குப் போய்ப் பார்த்தால், இருப்பதே ஒற்றை அறை வீடு. மகனுக்குக் கல்யாணமானதும் அப்பா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மீன் ஏலக் கொட்டகைக்குப் படுக்கப் போயிருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. குடி அதற்குப் பிறகு வந்தது. பாய் நாலு முறை போய் உட்கார்ந்து பேசி, பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு இறக்க வைத்தார். அந்த மனிதர் இன்றும் அங்கேதான் படுக்கிறார். அன்று பாய் என்னிடம், "ஒருத்தர் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி, வாயத் தொறந்து சொல்றத நிறுத்திடுவாரும்மா. எங்க நிறுத்துனாருன்னு நாம தேடணும்" என்றார்.

இப்படிச் சொன்னவர்தான் மூன்று வருடமாக எங்கள் தங்குமிடத்தின் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் போர்வைக் கட்டுக்கும் நடுவில் படுத்திருக்கிறார். தெருமுனையில் என்னை அனுப்பிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்திருக்கிறார். மறுநாள் என்னிடம், தங்கை ஆக்கிய கொடுவா மீன் ஆணத்தின் ருசியைச் சொல்வார். நானும் நாக்கில் நீர் ஊறக் கேட்டுக்கொண்டிருப்பேன். இல்லாத அடுப்பில் கொதித்த குழம்பு அது. இதைவிட ஒருவரை ஏமாற்ற முடியுமா?

ஜனாஸாவை எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். தங்குமிடத்திலிருந்தே எடுத்தார்கள். எங்களிடம் தங்கியிருந்த ஆண்கள் அனைவரும் பின்னால் நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

மல்லிகாவை உட்காரவைத்துக் கேட்டேன். பாய் வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துக் கட்டிய வீடு அது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் அவர்கள் வழக்கப்படி, தங்கையின் கல்யாணத்தின்போது அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தார். அவர் குடியிருந்த மனைவியின் வீடு, மனைவி இறந்தபின் அவள் மனிதர்களுக்குப் போயிற்று; அதன்பின் தங்கை வீட்டில்தான் இருந்தார். தங்கையும் இறந்தபின் (அதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை) அவள் பிள்ளைகள் விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். "எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

என்னிடம் மட்டும் ஏன் என்று கேட்டேன். மல்லிகா சொன்னாள்: "அந்தப் பெட்டிக்காரரு வந்தப்ப நீங்க பேசுனீங்களேக்கா."

நினைவு வந்தது. சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர் பெட்டியோடு எங்களிடம் வந்தார். அக்காள் தங்கைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கென்று ஓர் அறைகூட இல்லாமல் நின்றார். அவர் உள்ளே போனதும் நான் சொன்னேன்: "கையெழுத்துப் போடும்போது யோசிச்சிருக்கணும். இதுக்கெல்லாம் நாம பரிதாபப்பட்டா முடியுமா பாய்?" பாய் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். "சரிதாம்மா" என்றார். அந்த மாதம்தான் வீடு கைமாறியிருக்கிறது.

ஒரு சொல்லுக்காகவா பாய் இப்படி? சண்டை போட்டிருக்கலாம். என் வாயை அடைத்திருக்கலாம். எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பேருக்காகப் பேசினீர்கள்; உங்களுக்காக என்னிடம் ஒரு வார்த்தை பேச வரவில்லையா? நம்பியவளை வெளியே நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்கள். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று அவருக்கு ஒரு படிவம் நிரப்பினேன். கடைசியாகப் படுத்த வீட்டை நேரில் பார்த்துவிட்டதால், காரணத்தை எழுதலாம். 'வீட்டைத் தங்கைக்கு எழுதிக்கொடுத்தார்' என்று எழுதினேன். அது போதவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'கூட வேலை செய்தவளிடம் சொல்ல முடியவில்லை.'

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி அதை வாசலில் வந்து நிற்பவர்களிடம் மட்டும் கேட்கப் போவதில்லை. இன்று மதியம் மல்லிகா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் உட்கார்ந்து, "நேத்து எங்க படுத்த மல்லிகா?" என்று கேட்டேன். அவள் கஞ்சி வடிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.