பந்தியில் ஒரு ஹெவிவெயிட் சண்டை

என் கணவர் ஆயுளில் ஒருமுறைகூடக் குத்துச்சண்டைக் கையுறையைக் கையில் மாட்டியதில்லை. கரப்பான்பூச்சி வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் எந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரன் பெரியவன் என்று யாராவது பேச்சை எடுத்துவிட்டால் போச்சு. தென்காசியில் எங்கள் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்த சம்சாரி, மூட்டையைத் தோளில் வைத்தபடியே அரைமணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

அவர் கட்சி ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து ஆள்கள் பதினைந்து ரவுண்டு நின்று அடித்தார்கள், இப்போது பன்னிரண்டோடு முடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் யார் கூப்பிட்டாலும் மோதினார்கள், இவர்கள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ சண்டை போட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் மைக்கைப் பிடித்து வாய்ச்சவடால் விடுகிறார்கள். ஒரு பட்டம் இருந்தது போய் இப்போது நாலு பட்டம், நாலு பேரும் சாம்பியனாம். இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்வார், படுக்கும்போது சொல்வார். செல்போனில் கறுப்பு வெள்ளையில் எவனோ எவனையோ அடித்துக்கொண்டிருப்பான். நான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பேன். "இங்கன பாரு, இவன் கால் எப்படிப் போகுதுன்னு பாரு" என்று அடுப்படிக்கே கொண்டுவந்து காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் என்ன கூத்து என்றால், மற்ற எதிலும் இவருக்குப் பழசு ஆகாது. விதை நெல் கேட்டு வருகிறவர்களிடம், பழைய ரகத்தைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், புது ரகம்தான் விளைச்சல் கொடுக்கும் என்று மணிக்கணக்காகப் பேசுவார். நெல்லுக்கு ஒரு நியாயம், குத்துச்சண்டைக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் செல்போனைக் கையில் எடுத்துக்கொள்வார். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் வீட்டுக்குள் இருந்தவரை நான் சகித்துக்கொண்டேன். அது என் மகள் கல்யாணப் பேச்சில் வந்து உட்கார்ந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

மாப்பிள்ளைப் பையனுக்கு ஊர் வாசுதேவநல்லூர். திருநெல்வேலியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறான். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டோம். என் மகள் லேசில் யாரையும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட மாட்டாள். முந்தி வந்த இரண்டு வரன்களை, எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறான் என்றே தட்டிக்கழித்தவள். இவனைப் பற்றி மட்டும் ஒருநாள் என்னிடம் வந்து, "அம்மா, மனசுல உள்ளதைப் பட்டுன்னு சொல்லுதாங்கம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார், சம்பந்தம் உறுதி என்று மனசுக்குப் படும்வரை மாப்பிள்ளை வீட்டில் காப்பித்தண்ணியோடு நிறுத்திக்கொள்வார்கள். சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் முடிவானது மாதிரி. அதற்கென்று ஒரு நாள் பார்த்து, இலை போட்டு விருந்து வைப்பார்கள். அன்றைக்கு இலையில் உட்கார்ந்த பெண்ணின் தகப்பன் சாப்பிடாமல் எழுந்தால், அதற்கு மேல் பேச ஒன்றும் கிடையாது. வேண்டாம் என்று அர்த்தம்.

ஆனியில் ஒரு நல்ல நாளில் வாசுதேவநல்லூருக்குப் போனோம். கூடத்தில் பந்தி. என் கணவரை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். அவியல், பச்சடி, வடை எல்லாம் வைத்துச் சோறும் போட்டாயிற்று. பையன்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். இவர் சும்மா இருக்கலாமில்லையா? உடம்பைப் பற்றிப் படித்த பையனாயிற்றே என்று, இந்தக் காலத்து ஹெவிவெயிட்டெல்லாம் ஒரு வீரனா தம்பி என்று ஆரம்பித்தார்.

அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே விட்டிருக்கலாம். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல மாமா. அந்தக் காலத்து ஆளுங்கள்லாம் மிஞ்சிப்போனா நூறு கிலோ. இப்ப உள்ளவன் நூத்தி இருபது இருக்கான், ஆறரை அடிக்கு மேல. கிட்டயே போக முடியாது. பழைய ஆளு மூணு ரவுண்டு தாங்க மாட்டாரு" என்றான்.

இவர் எழுந்துவிட்டார். சோறு வைத்த இலையை விட்டு, ஒரு வாய்கூட எடுக்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டார். கரண்டி வைத்திருந்தவர் அப்படியே நின்றார். பையனின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காரில் விட்டுவந்த செல்போனை எடுக்கப் போயிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அங்கேயே நின்று வீடியோவைத் தேடி எடுத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். "இந்தா பாருங்க, பதினோராவது ரவுண்டு. தன்னைவிடப் பெரிய ஆளை எப்படி நிறுத்துதான்னு பாருங்க" என்றார். ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குள் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். பையனின் அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனுஷன். இஷ்டமில்லை என்றால் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

நான் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். இவர் கோபித்துக்கொண்டு எழவில்லை, குத்துச்சண்டை காட்டத்தான் எழுந்தார் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. யாராவது அதற்காக இலையை விட்டு எழுவார்களா? பொய்யாவது கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லக்கூடாதா என்கிற மாதிரிதான் பார்த்தார்கள். எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சுமூச்சில்லை. பையனின் போனும் நின்றுபோனது. என் மகள் செய்தி அனுப்பிக் கேட்டதற்கு, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஒரு வரி வந்ததாம். அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். இவரோ, நான் வேண்டாம் என்று எப்போது சொன்னேன், அவர்களாக நினைத்துக்கொண்டால் நானா பொறுப்பு என்று நியாயம் பேசினார். ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். கேட்கிறேன், ஆனால் மூன்று ரவுண்டு என்று சொன்னது தப்புதானே என்றார். நான் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். முப்பது வருஷமாக இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டினேனோ.

கடைசியில் என் கணவரின் அக்காள், என் மதினிதான் வழி பண்ணினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறார்கள், நீங்களும் தற்செயலாகப் போகிற மாதிரி போங்கள், நான் இரண்டு பக்கமும் பேசிவிட்டேன் என்று மதினி சொன்னார்கள். கிளம்புமுன் இவரிடம் சத்தியம் வாங்கினேன். அங்கே குத்துச்சண்டை என்ற வார்த்தை வாயில் வந்தால் நான் அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அம்மா இல்லை, வீட்டையும் விற்றாயிற்று. ஆனாலும் பயந்துவிட்டார்.

அன்றைக்குத் தண்ணீர் வரத்து அதிகம். குளிக்க விடாமல் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். தலையில் எண்ணெயோடு ஆள்கள் சாரலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் குளிக்க முடியாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள், மகளையும் மதினியையும் கூட்டிக்கொண்டு நாங்களும் போய் உட்கார்ந்தோம். என் கணவர் பஜ்ஜியை வாயில் அடைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தார். பையனின் அம்மா மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் எழுந்து வந்து என் கணவர் முன்னால் நின்றான்.

"மாமா, நான் யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. பழைய ஆளுங்க முன்னால இப்ப உள்ளவன் நிக்க முடியாது. அன்னைக்குத் தெரியாமப் பேசிட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மதினி என் கையைப் பிடித்து அமுக்கினார்கள். இவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், என்னவோ கடையில் போலி உரத்தை நீட்டியது போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள்தான் பேசினாள். "நெசமாவே அப்படித்தான் நினைக்கியளா?"

அதுதான் சொல்லிவிட்டேனே என்றான். அப்படியானால் அன்றைக்குச் சொன்னது என்ன என்று கேட்டாள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, பெரியவர்களிடம் விட்டுக்கொடுப்பதுதானே மரியாதை, நான்தான் இப்படிச் சொல்லச் சொன்னேன் என்றாள். கெட்ட மனசில்லை, நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள்.

என் மகள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நீங்க என்னையப் பத்தி ஒண்ணு சொன்னாலும், இவங்க இப்படித்தான் சரின்னு சொல்லிருவாங்களா அத்தை?"

அந்தப் பையன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவன் டீ கிளாஸை எடுத்து, ஆறிப்போன டீயைக் குடித்தான். போவோம்மா என்று என் மகள் எழுந்துவிட்டாள்.

திரும்பக் காரில் கிளம்பினோம். எனக்கு அவள் மேலும் கோபம், அவன் மேலும் கோபம், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இந்த மனுஷன் மேல் சொல்லி முடியாத கோபம். மேலகரம் தாண்டும்போது இவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"எடை விஷயத்துல அன்னைக்கு அவன் சொன்னது சரிதான் கேட்டியா. இருபது முப்பது கிலோ வித்தியாசம்னா பழைய ஆளு தாங்க மாட்டான். எனக்கு அப்பவே தெரியும்."

நான் அவரைக் கடித்துக் குதறத் திரும்பினேன். அதற்குள் பின் சீட்டிலிருந்து என் மகள், "அதை அவங்க இன்னைக்கும் சொல்லியிருக்கணும்ப்பா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு தென்காசி வரைக்கும் அழுதாள்.