மரியா வீட்டு மணி

சுண்ணாம்புத் தண்ணீரில் வேகும் சோளத்தின் மணம் இன்று மாசி என்ற புறநகரின் சந்தையில் மூக்கில் ஏறியதும், அதே மணம் வீசிய, பக்கத்துப் புறநகர் ரானுயியில் இப்போது இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட மரியா வீட்டுக் கராஜ் நினைவில் எழுந்து நின்றது. ஒவ்வொரு செப்டம்பரிலும், மெக்சிகோவின் விடுதலை நாளுக்கு முந்தின மாலை, அவள் அப்பா அங்கே மணியடித்து, நாட்டுக்காகச் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவ, என் வகுப்புக்காரி மரியா “வீவா!”, வாழ்க என்று தொண்டை கிழியக் கத்துவாள், எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருமுறை வீட்டுக்கு ஓடிவந்து, சாமியறை மணியை எடுத்து, அவர்களைவிடப் பலமாக அடித்தேன்.

“என்ன பிள்ளை, இந்த நேரத்தில பூசையோ?” என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

“ஓம், பூசைதான்” என்று பொய் சொன்னேன். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில், அங்கே செத்தவர்களின் பெயர்களை யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள்.