எஸ்னாத் வாங்கிய பிலிமோன் கார்

அந்த வெள்ளி நிற ஹோண்டா ஃபிட்டை மஸ்விங்கோ ஊரே பிலிமோனின் கார் என்றுதான் சொன்னது. ஊர் வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும். வாங்கியவள் அவன் தங்கை எஸ்னாத். ஏழு வருடம் கோழி வளர்த்து, உரித்து, பள்ளிக்கூட விடுதிகளுக்கு பஸ்ஸில் கொண்டுபோய்ப் போட்டு வாங்கினாள். அவள் ஐஸ் பெட்டிகளை பஸ் கூரைமேல் எறிந்த கண்டக்டர்களிடம் அவள் கேட்ட பேச்சை எழுதினால் காகிதம் நாறும். வழியில் பஸ் படுத்துக்கொண்டால் அன்றைக்கு உரித்த கோழி அத்தனையும் நாய்க்குத்தான். விடுதிக்காரர்கள் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள்: இனி நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆள். புருஷனைப் பறிகொடுத்து ஒன்பது வருடமான எஸ்னாத்துக்கு அந்த வியாபாரத்தை விட்டால் சோற்றுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் ஜிம்பாப்வேயில் அவளைப் போன்றவர்கள் புதுக் காரைக் கண்ணால்தான் பார்க்கலாம். எல்லைக்கு அப்பால் டர்பன் துறைமுகத்தில் ஜப்பானியர் ஓட்டிக் கழித்த கார்கள் வந்து இறங்கும். எஸ்னாத் ஒன்றரை நாள் பஸ்ஸில் போனாள். கார் விற்கும் யார்டு மூன்று ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வண்டியிலும் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தாள், அடியில் குனிந்து துரு தேடினாள், பின் சீட்டை மடக்கி முழம் போட்டாள்.

"அம்மா, கார் வாங்க வந்தீங்களா, கோழிக்கூடு வாங்க வந்தீங்களா?" என்றான் விற்கிறவன்.

"ரெண்டும்தான். நீ இளிக்காம அந்தச் சீட்ட இன்னொரு வாட்டி மடக்கு."

பில்லில் மட்டும் பிலிமோனின் பெயர். இதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லையில் இறக்குமதி வரி என்று ஒன்று கேட்பார்கள். யார்டு கொடுத்த ரசீதைத் தள்ளிவிட்டு, அவர்கள் புத்தகத்தில் இருக்கும் விலைக்குத்தான் வரி. வரியைக் கட்டினால் காரை இன்னொரு தடவை வாங்கினது போல் ஆகிவிடும். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவனுக்கு ஒரு காருக்கு வரி கிடையாது. பிலிமோன் பன்னிரண்டு வருடம் ஜொஹானஸ்பர்க்கில் இருந்தான். அனுப்பிய காசு விரல்விட்டு எண்ணக்கூடியது. திரும்பி வரும்போது அந்தச் சலுகை ஒன்றைத்தான் கையோடு கொண்டுவந்தான்.

"பேரு எம்பேருல இருக்கட்டும், வண்டி உன்னுது. ரெண்டு வருஷம் பேரு மாத்தக் கூடாதாம். அப்புறம் மாத்திக்கலாம்" என்றான்.

அரசாங்கத்தை ஏய்க்கப் போய் அண்ணனிடம் ஏமாந்தாள் என்று பிற்பாடு சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் வாசலில் நிற்கும் வண்டியின் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். யாரோ ஒரு மச்சானின் பெயர்தான் இருக்கும்.

கார் லாரியில் எல்லைப் பாலத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாள் காத்துக் கிடந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்றவள் எஸ்னாத். நிழலில் உட்கார்ந்து சுட்ட சோளம் கொறித்துவிட்டு, கையெழுத்துப் போட மட்டும் எழுந்து வந்தவன் பிலிமோன். அதிகாரிகளும் அவனைத்தான் ஐயா என்றார்கள். வண்டி வெளியே வந்ததும் ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொண்டான்.

"களைச்சுப் போயிருக்க. பின்னாடி படுத்துக்க."

தன் சொந்தக் காரில் அவள் பின் சீட்டில் ஊர் வந்தாள்.

ரெண்டு நாள் சர்வீஸுக்கு விட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனவன், ரெண்டு மாதமாகத் தரவில்லை. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேரை அடைத்து நெடுஞ்சாலையில் சவாரி அடித்தான். முன் கண்ணாடியில் 'கர்த்தர் தந்தது' என்று ஒட்டியும் வைத்தான். கர்த்தரா கோழி உரித்தார்? எஸ்னாத் அந்த எழுத்தைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நடுரோட்டிலேயே மறித்துக் கேட்டாள்.

"ஏன் கத்துற? ஒரே குடும்பம்தான நாம? உன் கோழிய நான் ஏத்த மாட்டேன்னா சொன்னேன்? பெட்ரோல நீ போடு. நாத்தம் போக வண்டி கழுவுறதுக்கும் ஏதாச்சும் குடு."

"என் வண்டியில என் கோழிய ஏத்த நான் உனக்குக் கூலி குடுக்கணுமா?"

"சனம் பாக்குது, மெதுவாப் பேசு."

சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தாள். வந்தவர் தாடியைத் தடவினார்.

"காகிதம் என்னம்மா சொல்லுது?"

"காகிதம் பொய் சொல்லுது சித்தப்பா. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியுமா?" என்றவர், அவள் ஆக்கி வைத்த சட்ஸாக் களியையும் கோழிக் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். வெட்கங்கெட்ட மனிதர்கள்! இவர்களுக்குக் கோழி அடித்த கையை அவள் நொந்துகொண்டாள்.

அந்த வாரம் விடுதிக்குப் போன சரக்கு மறுபடியும் கெட்டது. இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிலிமோன் சிநேகிதர்களோடு பீர் குடிக்கப் போயிருந்தான். கழுவித் துடைத்த கார் முற்றத்தில் நின்றது. அவன் மனைவி நெட்சாய் ஓடிவந்து மண்டியிட்டு, கைதட்டி வணக்கம் சொன்னாள். நாத்தனாரைக் கண்டால் செய்ய வேண்டிய மரியாதை. ஆனால் இவர்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. எஸ்னாத்தின் புருஷன் செத்த அன்று அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நெட்சாய்தான்.

எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்னாத்தின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக எட்டு மாடு கொடுத்தார்கள். அந்த எட்டும் அப்படியே நெட்சாயின் அப்பாவுக்குப் போய்த்தான் பிலிமோனுக்குப் பெண் வந்தது. யாருடைய மாட்டில் வந்தாளோ அந்த நாத்தனார்தான் வந்தவளுக்கு மாமியாருக்கும் மேல். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், அண்ணன்காரன்கூட வாய் திறக்க முடியாது. பதினைந்து வருடத்தில் எஸ்னாத் இந்தப் பேச்சை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அத்தைமார் நினைவுபடுத்தினால்கூட, "அவ மனுஷியா, மாட்டுக்கு ஈடா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

"சாவி எங்க?" என்றாள் எஸ்னாத்.

"உக்காருங்கக்கா, மொதல்ல தண்ணி..."

"உன்கிட்ட தண்ணியா கேட்டேன்? நீ இந்த வீட்டுல நிக்கிறதே என் எட்டு மாட்டால. என் மாட்டுல வந்தவ, என் வண்டிச் சாவிய ஒளிக்கிறியா? எடுடி! இல்ல, அடுப்ப அணைச்சு, சட்டியத் தூக்கி வெளிய எறிஞ்சு, உங்கப்பன் வீட்டுக்கே ஓட்டிவிடுவேன்."

இரண்டு மாதக் கோபம். சித்தப்பாவிடம் காட்ட முடியாததும், அண்ணனிடம் காட்டிப் பலிக்காததும் மண்டியிட்டிருந்தவள் தலையில் மொத்தமாக இறங்கியது.

நெட்சாய் ரவிக்கைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள்.

"அவரு தூங்கறப்பவே எடுத்துட்டேன். காணோமேன்னு தேடிட்டு, அப்புறமாப் பாத்துக்கலாம்னு போயிட்டாரு. மத்தியானம் நானே கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன். அவரு வந்தா என் கதி என்னன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். எங்கக்கா வண்டியாச்சேன்னு எடுத்தேன்."

இரண்டு கையாலும் நீட்டினாள். "வாங்கிக்கங்க, மாமியாரே."

"நெட்சாய், நான் ஏதோ ஆத்திரத்துல..."

"நீங்க சொன்னா குடுத்துத்தான ஆகணும். எட்டு மாடாச்சே."

பிலிமோன் வந்து குதித்தான். ஆனால் மாட்டின் பேச்சு வந்த பிறகு வழக்கத்தை எதிர்த்து அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நெட்சாயின் மேல் ஒரு விரல் பட்டால் உன்னைத்தான் வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்று எஸ்னாத் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். விடுதிகளுக்குக் கோழி நேரத்துக்குப் போனது. இரண்டு வருடத்தில் காகிதமும் அவள் பெயருக்கு மாறியது. அண்ணனை எப்படி மடக்கினாள் பார் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல் எஸ்னாத்துக்குக் கசந்தது. எவனெவனோ காகிதத்தைக் காட்டித் தன்னை மிதித்தபோது கொதித்தவள், தன் கையில் ஒரு பிடி கிடைத்ததும் அதே வேலையைத்தான் செய்தாள்.

பெயர் மாறிய அன்று நல்ல கோழியாக இரண்டு எடுத்துக்கொண்டு நெட்சாயைப் பார்க்கப் போனாள். நெட்சாய் மண்டியிட்டாள், கைதட்டினாள், "வாங்க மாமியாரே" என்றாள்.

எஸ்னாத்தும் அவள் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தாள். "போதும்டி, ரெண்டு வருஷமாச்சு. அக்கான்னு கூப்புடு."

நெட்சாய் தலை நிமிராமல் கேட்டாள்:

"இது உத்தரவுங்களா?"