மைத்துனர் வயலோரம் நின்ற பொக்லைன்

எங்கள் தொகுதிக்கு இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அதனால்தானோ என்னவோ, ஊரே அவரை நம்பிய காலத்திலும் நான் நம்பவில்லை. முதல் முறை ஜெயித்ததும் பழைய வண்டியிலேயே, தேய்ந்த செருப்போடு நன்றி சொல்ல வந்தார். ஜனங்கள் உருகிப் போனார்கள். எனக்கு அந்தச் செருப்பின் மேலேயே சந்தேகம். புதுச் செருப்பு வாங்க வக்கில்லாத ஆளா அவர்? கல்யாண வீட்டில் அவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால், யார் போட்டோ எடுக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்ப்பேன். பெரும்பாலும் யாராவது எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குக் குத்தாலம் பக்கத்தில் மூன்று ஏக்கர். சொந்தம் ஒன்று, குத்தகை இரண்டு. எல்லாம் பள்ளத்து வயல். அதன் ஓரமாகப் போகும் வடிகால் மண்மேடிட்டு, காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய்விடும். இரண்டு வருடம் தொடர்ந்து அழுகிவிட்டது. மூன்றாவது வருடமும் போனால் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

அது அவருடைய இரண்டாவது முறையின் கடைசி வருடம். சட்டமன்றத்தில் பேசி, வடிகாலைத் தூர்வார உத்தரவு வாங்கிவிட்டார் என்றார்கள். மேட்டூர் அணை திறக்க மூன்று வாரம் இருக்கையில் பொக்லைனும் வந்தது. வந்து நின்ற இடம் எது தெரியுமா? வடிகால் ஆற்றில் போய் விழுகிற கோடி. அவருடைய மைத்துனர் வயலோரம்.

"பாத்தீங்களா கதைய," என்று டீக்கடையில் நான்தான் ஆரம்பித்தேன். "மச்சானுக்கு முதல்ல. நம்மகிட்ட வர்றதுக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும், மிஷினை ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க." இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

மதியம் அவரே வந்தார். ஊர் முன்னால் நாங்கள் மரியாதையாகத்தான் பேசிக்கொள்வோம்.

"என்ன செய்யணுங்க?"

"எங்க வயல்லேருந்து வெட்டச் சொல்லுங்க. உங்க சொந்தக்காரங்களுக்கு அப்புறமா பாத்துக்கலாம்."

கூட வந்த இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எம்.எல்.ஏ. கையைக் காட்டி நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவர் சொல்றபடியே செய்ங்க," என்று காரில் ஏறிவிட்டார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆளா என்று எனக்கு அப்போதும் உறுத்தியது. அதற்குள் எல்லோரும் என் தோளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் வயலோரம் ஆளாழம் வெட்டினார்கள். பாதி வடிகால் முடிவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்தது. மிஷின் போய்விட்டது. ஐப்பசியில் மழை பிடித்ததும் மேட்டு வயல்களின் தண்ணீரெல்லாம் புது வெட்டில் பாய்ந்து வந்து, கீழே வெட்டாமல் கிடந்த மண்மேட்டில் முட்டி, எதிர்த்து ஏறியது. முன்பு முழங்கால் அளவு நின்ற இடத்தில் இடுப்பளவு நின்றது. பாசன வாய்க்காலைத் தலையிலிருந்து வெட்டவேண்டும், வடிகாலைக் கோடியிலிருந்து வெட்டவேண்டும். இது இந்தப் பக்கத்தில் மண்வெட்டி பிடித்த எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அவர் மேலிருந்த சந்தேகத்தில் அது என் புத்தியிலேயே ஏறவில்லை. மூன்று ஏக்கரும் போயிற்று. திருப்பூர்தான் என்று ஆகிவிட்டது.

சேதம் பார்க்க வந்த எம்.எல்.ஏ., மற்றவர்கள் தள்ளி நின்ற நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்புன்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்."

"பின்ன ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?" தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். "ஆறு மாசத்துல எலக்சன். மச்சானுக்காகப் பேசுறான்னு ஊரெல்லாம் சொல்லிருப்ப. சரின்னுட்டுப் போனா உங்க ஓட்டாவது மிஞ்சும்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியிருக்கவேண்டும். கை எழவில்லை. என்னை நம்பி மிஷின் முன்னால் உட்கார்ந்த இருபது பேரும் ரோட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வயலும் தண்ணீருக்குள்தான் கிடந்தது.

"என்னங்க சொல்றாரு?" என்று அவர்களில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

எம்.எல்.ஏ. என் பக்கம் திரும்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"மிச்ச வடிகாலையும் வர்ற வருஷம் வெட்டித் தர்றாராம்," என்று நான் சொன்னேன்.