கும்மிடிப்பூண்டியில் கிடைத்த யீலான் ஓசை

காலை 8.10. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் சுமார் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். தைவான் பேச்சின் ஒரு பழைய ஓசையைத் தேடி சிப்காட்டுக்குப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

தைவானில் பெரும்பாலோர் சோற்றை ‘பெங்’ என்பார்கள். யீலான் என்ற கடலோரப் பகுதியில் ‘புயீ’ என்று மூக்கால் இழுப்பார்கள். முன்னோர் சீனக் கரையிலிருந்து படகில் கொண்டுவந்த ஓசை அது. இப்போது அங்கேயும் இளையவர்கள் வாயில் ‘பெங்’ ஆகிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு யீலான்காரர் வாயாலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று மொழி ஆராய்ச்சி செய்யும் எனக்குப் பேராசை. இங்கே பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் மெஷின்களைக் கவனிக்கும் லின், யீலான்காரர். இன்றிரவு ஒரேயடியாக ஊர் திரும்புகிறார்.

9.50. ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“இன்னா மேடம், இன்டர்வியூவா?” என்றார் ஓட்டுநர்.

“ஒருத்தர் பேசறதக் கேக்கப் போறேன்.”

“அதுக்கா இம்மாந்தூரம்? எங்கூட்டுக்காரி பேசறதக் கேட்டுக்கினு போ மேடம், ஃப்ரீ!”

11.00. மைக்கைப் பார்த்ததும் லின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். சோற்றுப் படத்தைக் காட்டினேன். ‘பெங்’ என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே பெரும்பாலோர் பேச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

1.00. மணியடித்தது. ரெக்கார்டரை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவர் பின்னால் நடந்தேன். கேன்டீன் வாசலில் அவர் லைனில் வேலை செய்யும் செல்வி, தட்டைத் தட்டிக் கத்தினார்: “லின் சார்! சியா புயீ!” சோறு தின்ன வா என்று அர்த்தம்.

“சியா புயீ, சியா புயீ!” என்று சிரித்தபடியே பதில் கொடுத்தார் லின். அச்சு அசல் யீலான்! நான் துள்ளிக் குதித்ததில் சாம்பார் வாளி தப்பியது பெரிய விஷயம். அவர் தினமும் இவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது லைன் முழுக்கத் தொற்றிக்கொண்டிருக்கிறது.

“எங்க ஊட்ல யாரும் இப்பிடிக் கூப்டறதில்ல மேடம். பசங்க வேற மாதிரி பேசறாங்க” என்றார் லின், செல்வியின் தமிழில்.

“அதுக்கின்னா சார்? டெய்லி ஒரு மணிக்கு நாங்க போன்ல கூப்டறோம்.”

“அப்ப அங்க மூணரை. சாப்ட்டு முடிச்சிருப்பேன்.”

“இன்னொரு வாட்டி துன்னு!” என்றார் செல்வி.